கூப்பிட்ட குரலுக்கு

என் பெண் தீப்திக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்து ஒரு தரமாவது கூப்பிட்ட குரலுக்கு வந்திருக்கிறாளா என்று கேட்டால், கிடையாது. சாப்பிட வா என்றால் "வரேன்ம்மா, ஒரு நிமிஷம்" என்பாள். குளிக்க வா என்றாலும் அதே பாட்டுதான். அந்த ஒரு நிமிஷம் இந்த ஜென்மத்தில் முடியாது. அடுப்படியிலிருந்து கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றி, கையில் கரண்டியோடு நான் போய் நின்றால், கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து எறும்போடு பேசிக்கொண்டிருப்பாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். "பத்மஜா கூப்பிட்டால் டாக்குரியா ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும்" என்று என் கணவர் ஜெய்ராம் நியூ டவுன் ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும். காலையில் போய் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிற மனிதருக்குப் பிள்ளை வளர்ப்பது தமாஷாகத்தான் இருக்கும்.

அதனால்தான் ஸ்மிதா அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கு ஏக சந்தோஷம்.

ஸ்மிதா எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிறாள். தமிழ்ப் பெண்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே கல்கத்தாவில். தமிழ் அரையும் குறையுமாக வரும். கோபம் வந்தால் வங்காளம் மட்டும்தான் வரும். ஓவியம் படித்தவள். காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னப் பதிப்பகம், குழந்தைகளை மிரட்டி வழிக்குக் கொண்டுவருகிற பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்துப் படப் புத்தகங்களாகப் போட்டுக்கொண்டிருந்தது. தமிழில் ஒன்று இருந்தால் கொடு என்று என்னிடம் வந்தாள்.

"பயமா இருக்கணும் பத்மஜா. ஷொத்தி ஷொத்தி பயம், நிஜ பயம். சும்மா பூச்சாண்டி வரான், கண்ணை மூடுன்னு எல்லாம் வேணாம்."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டு உண்டு. என் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிடும்போது பாடுவாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது.

கோமளி கோமளி, சோறு ஆறுது வாடி!
வரேன் வரேன் என்றாள், வரவே இல்லை.
கோமளி கோமளி, பொழுது சாயுது வாடி!
வரேன் வரேன் என்றாள், வரவே இல்லை.
மூணாம் தரம் அம்மா கூப்பிட்டாள்,
வந்து நின்றது வாசலிலே.
கோமளி சட்டை, கோமளி கொலுசு,
கோமளி மட்டும் அங்கில்லை.

இவ்வளவுதான். எழுதிக் கொடுத்தேன். ஸ்மிதா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன? அதோட முடிஞ்சுது."

"வந்தது என்ன பண்ணித்து?"

"எங்கம்மா சொல்லுவா, அது சமத்தா உக்காந்து சாப்பிட்டதாம். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கலையாம்."

"அப்போ நிஜக் கோமளி?"

இதை நான் யோசித்ததே இல்லை. இத்தனை வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டு, அலறிக்கொண்டு சாப்பிட ஓடியிருக்கிறேனே தவிர, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஸ்மிதா. "அவ வரேன்னு சொன்னா இல்ல? எங்கேயோ உக்காந்து இன்னும் சொல்லிண்டேதான் இருப்பா."

கோமளிக்கு மாதிரியாக அவள் தீப்தியைத்தான் வைத்துக்கொண்டாள். தீப்தியின் மஞ்சள் கவுனை மாட்டி, நிற்க வைத்து, உட்கார வைத்து, படம் படமாக எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண்ணின் முகம் புத்தகத்தில் வரப்போகிறது என்று லேக் மார்க்கெட்டில் வாழை இலை விற்கிறவனிடம்கூடச் சொன்னேன்.

பூஜை விடுமுறை முடிந்ததும் புத்தகம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கறுப்பு. கண்மை மாதிரிக் கறுப்பு, தொட்டால் விரலில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். அந்தக் கறுப்பில் சோறு மட்டும் வெள்ளை, கவுன் மட்டும் மஞ்சள். வாசலில் நின்று கூப்பிடுகிற அம்மாவுக்கு அசல் என் முகம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள். முகம் முழுக்க வாய்தான், அதற்குள்ளும் கறுப்பு.

"என் வாய் என்ன அவ்ளோ பெரிசா?" என்று சண்டைக்குப் போனேன்.

"கூப்பிடறச்சே அவ்ளோதான்," என்றாள்.

கடைசிப் பக்கத்தில் எழுத்தே கிடையாது. வந்தது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறது. பக்கத்தில் அந்த அம்மா வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். பின்னால் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே வெறும் இருட்டு. எனக்கே அந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும், நம் காரியத்துக்கு இதுதான் சரி என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே தீப்தியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ராகம் போட்டு, என் அம்மா மாதிரியே குரலைத் தாழ்த்திப் படித்தேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிந்ததும் புத்தகத்தை மூடி, சோபாவுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை "தீப்தி, பால்!" என்றேன். வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்து நின்றாள். ஒரே ஒரு தரம் கூப்பிட்டதற்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை இல்லாவிட்டாலும் சும்மாவாவது கூப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள், மூச்சு வாங்க. பயத்தில்தான் வருகிறாள் என்று தெரிந்தது. தெரிந்தால் என்ன, வருகிறாளே என்று இருந்தேன்.

பிறகு, கூப்பிடாததற்கும் வர ஆரம்பித்தாள்.

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். பின்னால் வந்து நிற்பாள்.

"என்னம்மா?"

"என்ன என்னம்மா?"

"கூப்பிட்டியே."

"நான் எங்கடி கூப்பிட்டேன்?"

"கூப்பிட்டே. மாடிப்படிலேர்ந்து."

விளையாடுகிறாள் என்று விட்டேன். ஒரு நாள் அவளை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னல் என் கையில் இருக்கிறது. திடீரென்று "இதோ வந்துட்டேன்ம்மா!" என்று கத்திக்கொண்டு எழுந்து வாசல் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளை எட்டி எட்டி இழுத்தாள்.

"தீப்தி! நான் இங்கதானேடி இருக்கேன்!"

திரும்பினாள். என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். யார் அம்மா என்று அந்தக் குழந்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது கல்பனா மாஷி, நம் பாஷையில் சித்தி, கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பகலில் எங்களுக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணி லோக்கல் ரயிலில் கேனிங் பக்கம் வீடு திரும்புகிறவள். துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவள் வங்காளத்தில் சொன்னது இதுதான்: இது நிஷி. பொழுது சாய்ந்தால் நமக்கு வேண்டியவர்கள் குரலில் கூப்பிட்டு வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் நிஷியால் இரண்டு தரம்தான் கூப்பிட முடியும். மூன்றாவது தரம் கூப்பிட அதற்கு வராது. அதனால் ஷோனா, என் கண்ணே, மூன்றாவது குரல் கேட்கும்வரை அசையாதே, வாயைத் திறக்காதே.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு தரம் கூப்பிட்டால் வர வேண்டும் என்று நான் பாடாய்ப் பட்டுப் பழக்கியிருக்கிறேன், இவள் மூன்று தரம் என்கிறாள். குழந்தைக்கு இந்தக் கண்ராவியை எல்லாம் சொல்லாதே என்று கத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, உங்கள் புத்தகத்தில் மட்டும் என்ன இருக்கிறதாம் என்று கேட்டுவிட்டுத் துடைக்கப் போய்விட்டாள்.

தீப்தி, மாஷி சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு விரலைத் தூக்குவாள். இன்னொரு தரம் கூப்பிட்டால் இரண்டாவது விரல். மூன்றாவதுக்குத்தான் எழுந்து வருவாள். எரிச்சலாக வந்தாலும், வாசலுக்கு ஓடுவது நின்றதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மாஷி கணக்கில் மூன்றாவது குரல்தான் பத்திரம். எங்கள் பாட்டில் மூன்றாவது குரலுக்குத்தான் அது வரும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஜெய்ராமிடம் சொன்னால் ஆபீஸுக்கே தமாஷாகிவிடும்.

காளி பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தீப்தியை லேக்குக்கு, எங்கள் தெருவுக்கு அப்பால் இருக்கிற ஏரிக்கரைக்கு, கூட்டிக்கொண்டு போனேன். கார்த்திகை பிறக்கப் போகிற சமயம், இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மஞ்சள் கவுனில் இருந்தாள். கரையில் பெரிய மரம் ஒன்று, அதற்கு இடது பக்கம் தண்ணீர் ஓரமாகக் குந்தி ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியபோது நடக்க வந்தவர்கள் எல்லாம் போயிருந்தார்கள். விளக்கு இன்னும் போடவில்லை. தண்ணீர் மேல் புகை மாதிரிப் பனி இறங்கியிருந்தது. அந்தக் கறுப்பில் மஞ்சள் கவுன் மட்டும் தெரிந்தது.

உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன்.

"தீப்தி, வா, போலாம்!"

திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள்.

"தீப்தி! வாடின்னா!"

இரண்டு விரல்.

மூன்றாவதுக்கு வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. புத்தகத்தில் ஸ்மிதா போட்டிருந்த அந்த வாய் எனக்கு ஞாபகம் வந்தது. கூப்பிட்டால் எது வரும்? கூப்பிடாவிட்டால் இவள் இப்படியே உட்கார்ந்திருப்பாளே? நாலு எட்டு வைத்துப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டே பழக்கப்பட்டவள் நான். தூரத்தில் காவல்காரன் விசில் ஊதினான். அட அசடே, படித்தவளா நீ என்று என்னையே திட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் கத்தினேன்.

"தீப்தி!"

கண்ணைத் திறந்தபோது வந்துகொண்டிருந்தாள். மரத்துக்கு வலது பக்கத்திலிருந்து. எப்போது எழுந்தாள், எப்படி அந்தப் பக்கம் போனாள், நான் பார்க்கவில்லை. என் பெண் ஓடுவாள், இல்லாவிட்டால் காலை இழுத்து இழுத்துப் பிராணனை வாங்குவாள். இவள் நேராக நடந்து வந்தாள். கவுனில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது.

"வந்துட்டேன்ம்மா," என்றாள்.

அன்று வீட்டில் பீர்க்கங்காய்க் கூட்டு. தீப்திக்குப் பீர்க்கங்காய் என்றால் வேப்பங்காய். தட்டைத் தள்ளிவிடுவாள், வாந்தி வருகிறது என்று நடிப்பாள். அன்று சப்பணம் போட்டு உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

"புஸ்தகம் நன்னா வேலை செய்யறதே!" என்றார் ஜெய்ராம். "ஸ்மிதாவுக்கு ஒரு மெடல் குடுக்கணும்."

நான் என் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் என் வீட்டில் சத்தமே இல்லை. அவள் தன் துணியைத் தானே மடித்து வைத்தாள். எறும்பைப் பார்த்தால் தாண்டிப் போனாள். கல்பனா மாஷி முதல் நாள் அவளைத் தூக்கக் கையை நீட்டிவிட்டு, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். எத்தனை தரம் கூப்பிட்டீர்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அதிலிருந்து குழந்தை ஒரு அறையில் இருந்தால் மாஷி அடுத்த அறையில் இருந்தாள்.

பொறுக்க முடியாமல் ஸ்மிதாவிடம் போய்ச் சொன்னேன்.

"அடடா, பொண்ணு சமத்தா இருந்தாகூட உனக்கு ப்ராப்ளமா?" என்று சிரித்தாள். "கத்தறதுக்கு ஆள் இல்லைன்னு கஷ்டமா இருக்கு, இல்ல?"

சிரித்துக்கொண்டே என் பின்னால் பார்த்தாள். என் கூடவே மாடி ஏறி வந்த குழந்தை கதவோரம் நின்றுகொண்டிருந்தது. ஸ்மிதாவின் சிரிப்பு நின்றது. என் காதருகில் குனிந்து, "பத்மஜா, நான் போட்டோ எடுத்த பொண்ணு இவ இல்லை," என்று முணுமுணுத்தாள். பிறகு அவளுக்கே பயமாகிவிட்டது போல. தலைவலி, அப்புறம் பேசலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு என் பெண் வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தட்டில் சாக்லேட்டை வைத்து "தொடாதே" என்று சொல்லிவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தொடேன்டி, ஒரு தரம் தொடேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது தொடவில்லை. தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, நான் வரும்வரை உட்கார்ந்திருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எப்போதிலிருந்து 'அது' என்று நினைக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சாயங்காலம். மாஷி போய்விட்டாள், ஜெய்ராம் இன்னும் வரவில்லை. விளக்கேற்றிவிட்டு சாதத்தை இறக்கினேன். அது கையைக் கழுவிக்கொண்டு ஏற்கெனவே மேஜையில் உட்கார்ந்து தயாராக இருந்தது. அது இருக்கிறது என்று தெரிந்தும், பழக்க தோஷம், அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் போட்டேன்.

"தீப்தி, சாப்பிட வா!"

"வரேன்ம்மா, ஒரு நிமிஷம்!"

கையிலிருந்த கரண்டி விழுந்தது. குரல் வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. பால்கனிக்கு வெளியே, தெருவையும் தாண்டி, லேக் பக்கத்திலிருந்து வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு குழந்தைக் குரல் கேட்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த இழுவை, அந்த அலட்சியம், 'எனக்கு வேலை இருக்கு, சும்மா தொந்தரவு பண்ணாதே' என்கிற அந்தத் திமிர்! என் பெண்ணைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் வராது.

மேஜையில் உட்கார்ந்திருந்தது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

"நான் இங்கதானேம்மா இருக்கேன்," என்றது.

மறுபடி கூப்பிட வாய் துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாட்டில் வருகிற அந்த அம்மா கூப்பிட்டாள், கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தரமாவது எழுந்து போனாளா, மகராசி? நான் அதன் தட்டில் சாதத்தைப் போட்டேன். "நீ சாப்பிடு" என்றேன். வெளியே வந்து கதவைப் பூட்டி, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

லேக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடக்கிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், ஓரத்தில் யாரோ வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மரத்துக்கு இடது பக்கம், தண்ணீர் ஓரமாக, மஞ்சள் கவுன். முழங்கால் வரை சேறு. குச்சியால் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் தாண்டிப் போகிறார்கள், ஒருத்தர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கூப்பிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய், புஜத்தைக் கெட்டியாகப் பிடித்தேன்.

"ஆ! விடும்மா!" என்று அலறினாள். "வரேன்னு சொன்னேன்ல! ஒரு நிமிஷம்னு சொன்னேன்ல! நீ மூணாவது தரம் கூப்பிடவே இல்லை!"

"கூப்பிட்டேன்டி செல்லம்," என்றேன்.

"இல்லை. எனக்குக் கேக்கலை."

கை சுட்டது. ஓடி விளையாடின குழந்தையின் கை எப்படிச் சுடுமோ அப்படிச் சுட்டது. முதுகில் ஒன்று வைத்தேன், அதே இடத்தில் முத்தம் கொடுத்தேன், மறுபடி ஒன்று வைத்தேன். அவள் என் தோளைக் கடித்தாள். கடிடி, நன்றாகக் கடி என்று நடு ரோட்டில் அழுதுகொண்டே தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பசிக்கிறது, மேகி வேண்டும், மீன் பார்க்க விடவில்லை, மாஷியிடம் சொல்லிவிடுவேன் என்று ஓயாமல் நச்சரித்தாள். அவளுக்கு இன்னும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து சாவியை எடுத்தேன். உள்ளே யாரும் இருக்கக் கூடாது, பெருமாளே, தட்டு மட்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு திறந்தேன்.

அது இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

தீப்தி நச்சரிப்பை நிறுத்தினாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"யாரும்மா அது? என் சட்டையைப் போட்டுண்டிருக்கு."

அது பல்லைக் காட்டியிருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். கண்ணை உருட்டியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அது ஒன்றும் செய்யவில்லை. அழுகை வந்து அடக்கிக்கொள்கிற குழந்தை எப்படி நிற்குமோ அப்படி நின்றது. என் பெண்ணின் முகம், என் பெண்ணின் உதடு.

"நீதானேம்மா கூப்பிட்டே?" என்றது. "மூணு தரம் கூப்பிட்டே. நான் வந்தேன்."

கூப்பிட்டது நான்தான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை வேண்டும் என்று தினம் தினம் அந்த அடுப்படியில் நின்று கத்தினவளும் நான்தான். அதன் தலையை ஒரு தரம் தடவிக் கொடுக்க வேண்டும் என்றுகூட இருந்தது. தீப்தியின் சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது.

விளக்கு வைத்த நேரத்தில், வாசல்படி தாண்டப் போகிற யாரையும் எங்கள் வீட்டில் வெறும் "போ" என்று சொல்ல மாட்டோம். எதிரியைக்கூடச் சொல்ல மாட்டோம். அன்று சொன்னேன்.

"போ."

ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். தலையை ஆட்டியது. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டது. நாற்காலியை உள்ளே தள்ளியது. வாசலில் குனிந்து, தீப்தியின் பழைய செருப்பை இடது வலது மாறாமல் போட்டுக்கொண்டது. நான் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு, என் பெண்ணின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போகட்டும், போய்த் தொலையட்டும், போய்விடட்டும் என்று மூச்சுவிடாமல் நின்றேன். கதவைத் திறந்து படியில் கால் வைத்தது. ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தது.

"போயிட்டு வரேன்ம்மா."

"ம், பாத்துப் போயிட்டு வா," என்றேன்.

வாய்ப் பழக்கம். பால் போடுகிறவனிலிருந்து ஜெய்ராம் வரை, வாசலில் நின்று "வரேன்" என்கிற எல்லாரிடமும் நாள் தவறாமல் சொல்லுகிற வார்த்தை, நினைப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. என்ன சொன்னோம் என்று உறைத்து, கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அதற்குள் அது பாதிப் படி இறங்கியிருந்தது.

"சரிம்மா," என்று கீழேயிருந்து கேட்டது. சொன்ன சொல்லை அது ஒரு நாளும் தட்டினதில்லை.